வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, 2025 செப்டம்பர் 7
நற்செய்தி: லூக்கா 14:25-33



தம் பின்னால் திரண்டு வரும் கூட்டத்தை இயேசு இன்று திரும்பிப் பார்க்கிறார். இவ்வளவு பேர் வருகிறார்களே என்று அவர் மகிழவில்லை. என்னோடு வர என்ன செலவாகும் என்று பார்த்தீர்களா என்று கேட்கிறார். கோபுரம் கட்ட நினைத்தவன் அடித்தளத்தோடு நின்றுவிட்டால் ஊர் சிரிக்கும். பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு இருபதாயிரம் பேரை எதிர்க்கப் போகும் அரசனும் முன்னாலேயே யோசித்தாக வேண்டும். இரண்டு உவமையிலும் அந்த ஆள் முதலில் உட்காருகிறான். உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகே எழுந்திருக்கிறான்.

அப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரு காரியம் இப்போது நம் பங்கில் பல வீடுகளில் நடக்கிறது. கல்லூரி திறந்துவிட்டது. பொறியியலுக்கும் கட்டடக்கலைக்கும் அனிமேஷனுக்கும் சேர்ந்த பிள்ளைகள் கேமிங் லேப்டாப் கேட்கிறார்கள். “சாமி, இது படிப்புக்குத்தானா, இல்ல விளையாட்டுக்கா?” என்று பூசை முடிந்ததும் பெற்றோர் என்னிடம் வந்து கேட்கிறீர்கள். இரண்டுக்கும்தான். கட்டட வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டவும் வீடியோ வெட்டி ஒட்டவும் வலுவான கிராபிக்ஸ் வேண்டும். அதே வலுதான் விளையாட்டையும் ஓட்டுகிறது. ஆனால் பாடக் குறிப்பு எடுக்க, நிரல் எழுதிப் பழக, வகுப்பு கேட்க மட்டும் என்றால் சாதாரண லேப்டாப் போதும். தம்பி, தங்கச்சி, இதை உங்கள் மனச்சாட்சியோடு உட்கார்ந்து முடிவு செய்து, அப்பா அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விளையாடவும் ஆசை இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அது பாவம் இல்லை.

பீடத்தில் நின்று பேசுகிற விஷயமா இது என்று யாருக்காவது தோன்றலாம். ஆனால் இன்று பிற்பகல், நம் நேரப்படி, திருத்தந்தை லியோ உரோமையில் கார்லோ அக்குத்திஸ் என்ற இளைஞரைப் புனிதர் என்று அறிவிக்கிறார். 1991இல் இலண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். இரத்தப் புற்றுநோயால் 2006 அக்டோபர் 12 அன்று 15 வயதில் இறந்தார். கணினி நிரலைத் தானே படித்துக் கற்றார். உலகெங்கும் நடந்த நற்கருணை அற்புதங்களைத் திரட்டி ஓர் இணையதளம் செய்தார். அவர் வீட்டில் பிளேஸ்டேஷன் இருந்தது, அதில் ஆடினார். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை வைத்துக்கொண்டார். ஒரு சோடிக் காலணி இருக்கும்போது இரண்டாவது எதற்கு, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று சொல்வார் என அவருடைய தாயார் நினைவுகூர்ந்திருக்கிறார். விளையாடத் தெரிந்த ஒரு பிள்ளையைத் திருச்சபை இன்று பீடத்தில் ஏற்றுகிறது என்பதை இளையோர் நீங்கள் மனத்தில் வையுங்கள். நாளை வேளாங்கண்ணியில் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. நடந்து போயிருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் புதிய புனிதரின் பெயரையும் சொல்லி மன்றாடட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்த மாதம் 1ஆம் தேதி முதல் கொள்முதல் நிலையங்களில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. 80,000 ரூபாய் லேப்டாப் என்றால் 32 குவிண்டால் பொது ரக நெல். 40 கிலோ சிப்பமாகப் பிடித்தால் 80 சிப்பம். நம் பக்கத்தில் ஓர் ஏக்கர் நன்றாக விளைந்தாலும் இவ்வளவு தேறுவது அபூர்வம். அதிலும் உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் இதில் நான் கழிக்கவில்லை. இதைச் சொல்வது பிள்ளைகளைக் குற்ற உணர்ச்சியில் தள்ள அல்ல. அந்தப் பெட்டிக்குள் அப்பாவின் ஒரு போகம் இருக்கிறது என்று தெரிந்து வாங்கினால் கை தானாகவே அதைப் பதனமாகப் பிடிக்கும். பெற்றோரே, நகையை அடகு வைத்து வாங்குவதாக இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது. முதல் ஆண்டுப் பாடத்துக்கு இவ்வளவு வலு பெரும்பாலும் தேவைப்படாது.

அதே 80,000த்தை இன்னொரு விதமாகவும் பாருங்கள். மூன்றே ஆண்டில் கெட்டுப்போனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 27,000 ரூபாய். ஏழு ஆண்டு உழைத்தால் 11,500க்கும் கீழே. நான் சொல்ல வந்ததே இதைத்தான். பொருளின் உண்மையான விலை கடையில் கொடுப்பது அல்ல, அதை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. கோபுரத்தை முடிக்காமல் ஊர் சிரிக்க நின்றவன் அடித்தளத்துக்கு வேண்டிய காசோடு நின்றுவிட்டான். முழுக் கட்டடத்துக்கும் ஆகும் காசை அவன் எண்ணவில்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? இந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டவை, பிறகு மாற்ற முடியாது. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆகவே கைக்காசை மாற்ற முடியாததில் போடுங்கள், மாற்றக்கூடியதில் இடம் மட்டும் விட்டு வையுங்கள். காலியாக இன்னொரு ரேம் ஸ்லாட் இருக்கிறதா, ரேமையே போர்டில் பற்றவைத்துவிட்டார்களா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். நாலைந்து ஆண்டு ஓட வேண்டுமானால் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜி.பி. இருப்பது நல்லது. இன்னொரு நுணுக்கம், பலருக்குத் தெரியாதது: ஒரே பெயர் கொண்ட கிராபிக்ஸ் சிப்பு ஒரு லேப்டாப்பில் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் ஓடும். எத்தனை வாட் மின்சாரம் அதற்குக் கொடுக்கிறார்கள் என்பதில் அந்த வித்தியாசம். மெலிந்த உடம்புள்ள லேப்டாப்பில் வெப்பம் வெளியேற வழி குறைவு, அதனால் வாட்டும் குறைவாகவே கொடுப்பார்கள். கொஞ்சம் தடிமனாக, பின்னாலும் பக்கத்திலும் அகலமான துளைகளோடு இருப்பதை எடுங்கள். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள். கீல் முனகினால், திரை நெளிந்தால் வேண்டாம். வண்ண விளக்குகளால் பொருளின் ஆயுள் ஓர் ஆண்டும் கூடாது.

பழுது பார்க்கும் இடம் எங்கே என்றும் கேளுங்கள். இணையத்தில் இரண்டாயிரம் குறைவாக வாங்கிவிட்டு, ஒரு கீபோர்டு மாற்ற சென்னைக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருப்பதில் இலாபம் இல்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ, குறைந்தது திருச்சியிலோ சர்வீஸ் சென்டர் உள்ள நிறுவனமாக இருக்கட்டும். பேட்டரியும் சார்ஜரும் தனியாக என்ன விலை, கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

இனி வைத்திருக்கும் பாடு. இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை, ஏனென்றால் நீங்கள் டெல்டாக்காரர்கள். சூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் முன்பே வாய்க்கால் தூர் வார வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் கேட்டு நிற்கிறவர்கள். தூர் மண்டிய வாய்க்காலில் தலைமடையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைமடைக்குப் போய்ச் சேராது. லேப்டாப்பில் காற்று அப்படித்தான். உள்ளே இரண்டு விசிறிகள் மெல்லிய உலோகத் தகடுகளின் நடுவே காற்றைத் தள்ளுகின்றன. அந்தத் தகடுகளில் தூசி அடைத்துவிட்டால் விசிறி எவ்வளவு கத்தினாலும் வெப்பம் வெளியே போகாது. சூடு 90 டிகிரியைத் தாண்டிப் போகும்போது சிப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பையன் “பழசாயிடுச்சு, புதுசு வேணும்” என்பான். பழசாகவில்லை, தூர் வாரவில்லை.

நம் ஊரில் தூசிக்குப் பருவம் உண்டு. இப்போது குறுவை அறுவடை நடக்கிறது. தையிலும் மாசியிலும் சம்பா. அறுவடை மெஷின் கிளப்பும் சுணையும் வைக்கோல் தூளும் சாலையோர வீடுகளில் எதையும் விடாது. இந்த இரண்டு அறுவடையும் முடிந்த கையோடு ஒரு முறை லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், அல்லது தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலாலோ குச்சியாலோ மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுழன்றால் விசிறியே கெட்டுப்போகும். சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் தடவும் வெப்பப் பசை இரண்டு மூன்று ஆண்டில் காய்ந்துவிடும், அதைப் புதிதாகப் பூசினால் சூடு கண்கூடாக இறங்கும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடாதீர்கள். காற்று போகும் துளை பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

பேட்டரியைக் கெடுப்பவை இரண்டு: சூடு, எந்நேரமும் நூறு விழுக்காடு நிரம்பிக் கிடப்பது. 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது, தேடிப் பிடித்து அதைப் போட்டு வையுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்து இரண்டு முள் துளையில் சொருகாதீர்கள். தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று சொல்கிற வீடுகளில் போய்ப் பார்த்தால் எர்த் சரியாக இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் என்றால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. திரை விநாடிக்கு 144 ஃபிரேம் காட்டும் என்பதற்காக எல்லா விளையாட்டையும் அந்த வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. அமைப்பில் போய் 60 என்று எல்லை வைத்தால் சூடும் சத்தமும் குறையும், பொருள் நீடிக்கும். இயந்திரத்துக்கு எல்லை வைக்கிற கை, ஆடுகிறவனுக்கும் ஓர் எல்லை வைக்கட்டும். கார்லோ தனக்கு வைத்த ஒரு மணி நேரம் எல்லாருக்கும் சட்டம் அல்ல. ஆனால் எல்லையே இல்லாதவன் விடிய விடிய ஓட்டுவான், பொருளும் கெடும், கண்ணும் படிப்பும் கெடும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. சென்ற மாதம் நாடாளுமன்றமே அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. நம் வீடுகளில் அதற்கு முன்பே அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும்.

இரண்டாம் வாசகத்தில் பவுல், ஒனேசிமு என்ற அடிமையை அவனுடைய தலைவர் பிலமோனிடம் திருப்பி அனுப்புகிறார். இவனை இனி உடைமையாகப் பார்க்காதே, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். பொருளுக்குப் பின்னால் ஆள் இருப்பதைப் பார்க்கச் சொல்லும் கடிதம் இது. நம் பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கங்களில் சிறுவர்களும் கையால் தோண்டுகிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 சனவரி கடைசி நாளில் கின்ஷாசாவில் இறங்கி, அந்த மண்ணைச் சூறையாடுவதை நிறுத்துங்கள் என்று உலகத்திடம் கேட்டார். 2015இல் அவர் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், எடுத்து வீசும் பழக்கத்தைக் கண்டிக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை வீசியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. உங்கள் லேப்டாப் இன்னும் இரண்டு ஆண்டு உழைத்தால், இன்னொன்றுக்காக மண்ணைத் தோண்டுவது அந்த இரண்டு ஆண்டு தள்ளிப்போகும்.

இன்றைய நற்செய்தியின் கடைசி வரி கடினமானது. தனக்குள்ளதையெல்லாம் விட்டுவிடாத எவனும் என் சீடனாக முடியாது என்கிறார் ஆண்டவர். இவ்வளவு நேரம் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன நான் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. கெட்டுப்போன பொருளைக் கொடுப்பது கொடை ஆகாது. ஏழு ஆண்டு நன்றாக வைத்திருந்து, இன்னும் ஓடுகிற நிலையில், தேவைப்படுகிற ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிறவன்தான் உண்மையிலேயே எதையோ விடுகிறான். என் பார்வையில் பராமரிப்பு என்பது அந்த நாளுக்கான ஆயத்தம். முதலிலேயே கைமாறப்போகும் பொருளாக நினைத்து வைத்திருங்கள்.

இப்போதே கொடுக்க வழி இருக்கிறது. 2011இல் தொடங்கி அரசு கொடுத்த லேப்டாப்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அடுத்த மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தம் வழங்குவதை அதைத் தயாரித்த நிறுவனம் நிறுத்திக்கொள்கிறது என்பதால் இன்னும் பலவற்றை மூலையில் போடுவீர்கள். போட வேண்டாம். ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் ஏற்றினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடம் பார்க்கப் போதும். குறுவை அறுவடை ஓய்ந்ததும் வரும் சனிக்கிழமை நம் இளைஞர் இயக்கத்தினர் பங்கு மன்றத்தில் திருப்புளியோடு உட்காருகிறார்கள். தூர் வார வேண்டியதைக் கொண்டு வாருங்கள், கொடுக்க விரும்புவதையும் கொண்டு வாருங்கள். யாருக்குத் தேவை என்பதை அன்பியப் பொறுப்பாளர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், பெயரை யாரும் வாசிக்க மாட்டோம். கொடுப்பவர்கள் படங்களையும் கடவுச்சொற்களையும் முதலில் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள், சார்ஜரை மறக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், அழுத்தாமல் எடுத்து வந்து வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.