கைவிடப்பட்டதா, காத்திருப்பதா?

இங்கிலாந்தில் பழைய மனையொன்றை வாங்கியவர், அதன் கொட்டிலில் கேட்பாரற்ற கார் ஒன்றைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் முழுமை பெற்ற வண்டியன்று அது; பாகங்களாக வாங்கி, ஒருவர் தம் வீட்டிலேயே பூட்டியது. முழுக் காருக்குரிய கொள்முதல் வரி 1973 வரை இத்தகைய தொகுப்புகளுக்கு இல்லாமையால், லோட்டஸ் செவன் போன்றவற்றைப் பலர் இவ்வாறே ஆக்கிக்கொண்டனர்.

பதிவெண் இருப்பின், தக்க காரணம் காட்டி, ஸ்வான்சியிலுள்ள அரசு வாகனப் பதிவகத்தை அணுகலாம். ஆனால் பதிவுச் சான்று சுட்டுவது வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவரையே. உடைமைக்கு அது சான்றன்று என அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நேர்மையான வாசகந்தான்! பெயருக்குரியவர் இறந்திருக்கலாம், விற்றுமிருக்கலாம். அத்துடன் தேடும் கடமை தீர்ந்ததா?

உரியவர் கைவிட்டார் என்று நம்பி எடுப்பவன் திருடன் அல்லன் என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் கருத்து. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். துருவும் தூசியும் துறந்ததற்குச் சான்றாகா. உரியவர் நெடுநாள் நோயில் கிடந்தாலும் அதே துருதான் ஏறும். மாலைதோறும் தம் கையால் முடுக்கிய மரையாணிகளை எவரும் எளிதில் துறப்பதில்லை. விசாரிக்காமலே பிறந்த நம்பிக்கையை நம்பிக்கையென நான் ஏற்கமாட்டேன். அது வெறும் ஆசை. அண்டை வீட்டாரைக் கேட்கட்டும். அவ்வகை வண்டிகளைப் பேணும் சங்கத்தாருக்கும் எழுதட்டும். சட்டகத்தில் பொறித்த எண் ஒன்று தேய்ந்துபோகாமல் இருந்தால், அவர்களுடைய பழைய ஏட்டில் முதலில் வாங்கியவரின் பெயர் அகப்படக்கூடும்.