கணக்கில் வராத உயிர்

கோழிமுட்டை பொரிய 21 நாளாகும். பாதி நாள் ஆவதற்குள்ளேயே ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, இரத்தக்குழாய்கள் பின்னிப் படர்ந்த கருச்சவ்வின்மேல் புற்றுத்திசுவையோ மருந்தையோ வைக்கிறார்கள் ஆய்வாளர்கள். குழாய்கள் பெருகுகின்றனவா, வாடுகின்றனவா என்பது சில நாளில் கண்ணுக்கே தெரிந்துவிடும். 1911இல் பெய்டன் ரவுசும் ஜேம்ஸ் மர்ஃபியும் இந்தச் சவ்வில் கோழியின் புற்றுக்கட்டியை வளர்த்தார்கள். புதுக்குழாய் முளைக்காவிட்டால் புற்றுக்கட்டி பெரிதாகாது என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் சொன்ன கருத்து சோதிக்கப்பட்ட களங்களுள் இதுவும் ஒன்று. அந்த வழியில் பிறந்த மருந்துகள் இன்று நோயாளிகளின் உடலில் வேலை செய்கின்றன. ஆய்வு முடிந்ததும் கரு கொல்லப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, பாலூட்டியின் கருவைக் கடைசி மூன்றிலொரு பங்குக் காலத்தில் காக்கிறது. பறவைக் கருவை விட்டுவிடுகிறது. பிரிட்டன் அதே கட்டத்தில் பறவைக் கருவையும் காக்கிறது. ஒரே கரு, கடல் தாண்டினால் வேறு தகுதி பெறுகிறது. இந்த ஆய்வு நடக்கட்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் அதில் போகும் உயிரை அறக்கணக்குக்கு வெளியே நிறுத்துவது தவறு.

சவ்வில் நரம்பு இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் முடிவில் சாவது சவ்வு மட்டுமல்ல. தினமும் முட்டை தின்கிறோமே என்பது இன்னும் பலவீனமான வாதம். கடை முட்டையில் பெரும்பாலும் கருவே கிடையாது. வலுவான மறுப்பு வேறு: இளங்கருவுக்கு வலி தெரியாது. இதை நான் மதிக்கிறேன். ஜெர்மனி, ஆண்குஞ்சுகளை முட்டையிலேயே ஒதுக்கும் தொழிலில் 13ஆம் நாள்முதல் கருவைக் கொல்வதை 2024 முதல் தடுத்திருப்பதும் இந்த அளவுகோலால்தான். புற்றுக்கட்டி ஆய்வுகள் சில 17, 18ஆம் நாள்வரை நீள்கின்றன. அங்கே வலியில்லை என்ற வாதம் நிற்காது. அதற்கு முன்னாலும் வலி ஒன்றே அளவாகிவிடுமா? முட்டையில் தோன்றுவதை நால்வகைப் பிறப்பில் ஒன்றாக எண்ணிய சைவமும், ஓரறிவு உயிருக்கும் தீங்கு கூடாதென்ற சமணமும், துடிப்பதை மட்டும் பார்த்து உயிரை மதிக்கவில்லை. வலி, தீங்கின் ஒரு முகம். இருபத்தோராம் நாள் வெளிவரவிருந்த ஒன்று வராமற்போவது இன்னொரு முகம். வலி இல்லாதபோதும் அது இழப்புதான்.

இப்படிப் பேசினால் ஆய்வு முடங்கும், அந்தச் சுமை எலிகள்மேல் விழும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்லலாம். எலிகளைக் கணக்கில் வைத்தே பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. கணக்கு அதை நிறுத்திவிடவில்லை. எத்தனை முட்டை, எந்த நாளில் நிறுத்தம், குறைவான எண்ணிக்கை ஏன் போதாது என்று நெறிக்குழுவின் முன் எழுதிக் கொடுப்பது எந்த ஆய்வகத்துக்கும் தாங்க முடியாத பாரமல்ல.