கணக்கு தனி, உலை ஒன்று
(எத்தீம் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களைக் குறித்து ஒரு நோன்புகாலச் சொற்பொழிவு)

 

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, எத்தீமாகப் பிறந்து உலகத்துக்கெல்லாம் அருட்கொடையாக விளங்கிய நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துரைத்துத் தொடங்குகின்றேன்.

நோன்பு மாதம் வருமுன்பே நம் பள்ளிவாசல்களில் பட்டியல் எழுதத் தொடங்கி விடுவோம். முதல் நாள் கஞ்சி யாருடையது, பேரீச்சம்பழம் யார் தருவது, இருபத்தேழாம் கிழமைக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதுதான் எத்தீம் பிள்ளைகளுக்கு நோன்பு திறப்பு. பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கொண்டு வருகிறோம். வயிறார உண்ண வைக்கிறோம். கையில் ஓர் உறையும் ஒரு புதுச் சட்டையும் கொடுக்கிறோம். வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்து அனுப்பி வைக்கிறோம். நல்ல காரியந்தான். குறை கூற நான் வரவில்லை. அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நோன்பு திறப்பில் ஒரு சிறுவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். தட்டிலிருந்த கோழித் துண்டை அவன் தொடவில்லை. தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். “ஏன் தம்பி, பிடிக்கவில்லையா?” என்று கேட்டேன். “நன்னிக்கு” என்றான். அவனை வளர்க்கும் அந்த நன்னியும் அன்று நோன்பாளிதான். பிள்ளையைத் தேடி வேன் அனுப்பிய எங்களுக்கு, அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் உலை வைப்பவளை ஒரு வார்த்தை அழைக்கத் தோன்றவில்லை! அதன் பிறகு நான் எழுந்து பேசினேன். எதைப் பற்றி? எத்தீம்களின் சிறப்பைப் பற்றி! அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. இந்தச் சொற்பொழிவே அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான்.

சகோதரர்களே! புக்கிட் பெலிம்பிங்கிலும், புக்கிட் ரோத்தானிலும், கோலசிலாங்கூரிலும், தஞ்சோங் காராங்கிலும் கடை வைத்துப் பிழைக்கும் நாம், ஊராரைவிடப் பல செய்திகளை முன்பே அறிந்தவர்கள். ஒரு வீட்டில் மகனும் மருமகளும் விபத்தில் மௌத்தாகி விட்டால், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதை நம் 555 புத்தகம் சொல்லிவிடும். ஒரு கிழவியின் பக்கத்தில் அதுவரை அரிசியும் மீனும் எழுதியிருக்கும். திடீரென்று மாவுப்பால் டின் ஏறும். பள்ளிக்கூடக் காலுறை ஏறும். இரண்டு பென்சில் ஏறும். பற்று மெல்ல மெல்ல நீளும். அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்த நாம், அதில் எழுதப்படாததையும் படிக்க வேண்டாமா?

எத்தீம் என்றால் இல்லத்தில் இருப்பவர்கள்தாம் என்று நினைத்துக் கொள்கிறோம். பாட்டியிடத்தில், பெரியம்மாவிடத்தில், சாச்சாவிடத்தில், பிள்ளையில்லாத அண்டை வீட்டில் வளர்கிறவர்களும் எத்தீம்கள்தாம். அவர்களை வளர்ப்பவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை, ஆண்டறிக்கை இல்லை, ஆகவே நம் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் இளமையை எண்ணிப் பாருங்கள். பிறக்குமுன் தந்தையார் அப்துல்லாஹ் மறைந்தார். பாலூட்டி வளர்த்தவர் ஹலீமா அம்மையார். ஆறாம் வயதில் அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினாவை இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் அணைத்துக் கொண்டார். எட்டாம் வயதில் அவரும் மறைய, பெரிய தந்தையார் அபூதாலிபின் வீட்டுக் கதவு திறந்தது. அபூதாலிப் செல்வர் அல்லர். பிள்ளைகள் நிறைந்த வீடு. இருந்தும் அவருடைய மனைவி ஃபாத்திமா பின்த் அஸது அம்மையார் அந்த எத்தீமைத் தம் பிள்ளையாகவே பார்த்தார்கள். ஒரு வீடு முடிந்த இடத்தில் இன்னொரு வீடு தொடங்கியது. எத்தீமாகக் கண்டு புகலிடம் தந்ததை லுஹா அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். அல்லாஹ் தந்த அந்தப் புகலிடம் என்பது சில மனிதர்களுடைய வீடுகள்தாமே!

இனி, வணிகர்களாகிய நமக்கென்றே அமைந்தது போன்ற ஒரு வரலாற்றைக் கூறுகின்றேன்.

எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் எச்சரிக்கிறது. எத்தீம்களை வளர்த்து வந்த ஸஹாபாக்கள் இதைக் கேட்டு நடுங்கினார்கள். பிள்ளையின் ஒரு பிடி மாவு தம் மாவோடு கலந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களின் உணவைத் தனியே சமைத்தார்கள். மீந்ததைத் தொடவும் அஞ்சினார்கள். பிள்ளை மறுபடி உண்ணும்வரை அது காத்திருக்கும், அல்லது கெட்டுப் போகும். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை! வீட்டாருக்கு ஒரு சட்டி, எத்தீமுக்கு ஒரு சட்டி! இந்த இடர்ப்பாட்டை நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது பகரா அத்தியாயத்தின் 220ஆம் வசனம் இறங்கிற்று. அவர்களுக்கு நன்மை செய்வதே சிறந்தது, அவர்களோடு நீங்கள் கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள், கெடுப்பவன் யார், சீர்படுத்துபவன் யார் என்பதை அல்லாஹ் அறிவான் என்பது அதன் கருத்து.

என்ன அழகான தீர்ப்பு! பொருளின் கணக்கு தனியே இருக்கட்டும். சோற்றுப் பானை ஒன்றாக இருக்கட்டும். இதைத்தான் நான் “கணக்கு தனி, உலை ஒன்று” என்கின்றேன். நாம் பல வேளைகளில் இதைத் தலைகீழாக அல்லவா செய்கின்றோம்? பிள்ளையின் பொருளைக் குடும்பப் பொருளோடு கலந்து விடுகிறோம். பிள்ளையை மட்டும் தனிப் பந்தியில் உட்கார வைக்கிறோம்!

உலை ஒன்று என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வீடே சாட்சி. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்தைய கணவர் மறைந்தபின் நாயகம் அவர்களை மணந்து, அவர்களுடைய பிள்ளைகளையும் தம் பொறுப்பில் வளர்த்தார்கள். அவர்களில் உமர் என்னும் சிறுவர் உண்ணும்போது கை தட்டெங்கும் அலையுமாம். நாயகம் அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. வேறு தட்டும் வைக்கவில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும்படியும், வலக்கையால் உண்ணும்படியும், தன் பக்கத்தில் உள்ளதை எடுக்கும்படியும் இதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு என்றும் தாம் அப்படியே உண்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஒரே தட்டில் கைவிட்டால்தானே ஒழுக்கம் கற்பிக்க முடியும்?

கணக்கு தனி என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சான்று. தம் சகோதரரின் எத்தீம் பிள்ளைகளை அவர்கள் வளர்த்தார்கள். அப்பிள்ளைகளின் பொருளுக்கு ஜகாத்துக் கொடுத்தார்கள். அப்பொருள் தேயாதிருக்க வணிகர்களிடம் கொடுத்துப் பெருக்கவும் செய்தார்கள். இச்செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. அப்படி வளர்ந்தவர்களில் ஒருவரான காசிம் பின் முஹம்மது, மதீனாவின் புகழ்பெற்ற ஏழு சட்ட மேதைகளில் ஒருவராக உயர்ந்தார். பிள்ளையையும் வளர்த்தார்கள், பிள்ளையின் முதலையும் வளர்த்தார்கள்!

இன்று நம்மிடையே அந்த முதல் எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. சொக்சோவில் சந்தா செலுத்திய தொழிலாளி இறந்தால், நிபந்தனைகளுக்குட்பட்டு அவருடைய பிள்ளைகளுக்குப் பிழைத்திருப்போர் ஓய்வூதியம் உண்டு. திருமணமாகாத பிள்ளைக்குப் பொதுவாக 21 வயது வரை கிடைக்கும். சேமநிதிப் பணமும், தந்தை விட்டுச் சென்ற நிலமோ வீடோ இருந்தால் அதன் பங்கும் உண்டு. ஆனால் பாரம் நிரப்பத் தெரியாத நன்னிக்கு இவற்றை யார் எடுத்துச் சொல்வது? பிறப்புப் பத்திரமும் மரணப் பத்திரமும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கிடக்கின்றன. நாள்தோறும் பில்லும் பாரமும் எழுதுகின்ற கை நம் கை. அரை நாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு அந்த நன்னியோடு அலுவலகம் போய் வந்தால், அதுவும் சதக்காவே அன்றோ!

வளர்ப்பவர்கள் பிள்ளையின் பொருளிலிருந்து எதுவும் தொடக்கூடாதா என்று சிலர் கேட்கின்றனர். நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இதற்கு வழி சொல்கிறது. வசதியுள்ளவர் தவிர்த்துக் கொள்ளட்டும். ஏழையாயிருப்பவர் நியாயமான அளவு எடுத்துக் கொள்ளட்டும். பிள்ளை பக்குவம் அடைந்ததும் சாட்சிகளை வைத்துக் கொண்டு பொருளை ஒப்படைக்கட்டும். சாட்சியோடு ஒப்படைக்க வேண்டுமானால் முதல் நாளிலிருந்தே ஏடு வேண்டும். ஆகவே எத்தீம் வளரும் வீட்டுக்கு நாம் கொடுக்கும் முதல் ஹதியா ஒரு கணக்கு நோட்டாக இருக்கட்டும்.

பெயரும் ஓர் அமானத்துதான். நாயகம் (ஸல்) அவர்கள் பேரன்புடன் வளர்த்த ஸைது (ரலி) அவர்களை மக்கள் ஸைது பின் முஹம்மது என்றே அழைத்தனர். அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபின் மீண்டும் ஸைது பின் ஹாரிதா ஆனார். அன்பு குறைந்ததா? இல்லை, உண்மை நிலைத்தது. வளர்க்கும் பிள்ளையிடம் அவனைப் பெற்றவர்களின் பெயரை மறைக்காதீர்கள். வயது வந்தபின் பர்தா முறையும் உண்டு. இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாய் ஐந்து முறை பாலூட்டியிருந்தால் ஷாஃபி மத்ஹபில் பால்குடி உறவு நிலைபெறும். கைக்குழந்தையை ஏற்பவர்கள் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டுக் கொள்வது நல்லது.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பிறர் பிள்ளையை ஏற்று வளர்ப்பவர்கள் சமூக நல இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில் விதி உண்டு. 1952ஆம் ஆண்டின் தத்துப் பதிவுச் சட்டம், அதாவது 253ஆம் சட்டம், முஸ்லிம்களுக்கும் உரியது. பிள்ளையைத் தொடர்ந்து இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வளர்த்தவர் அதன்படி பதிந்து கொள்ளலாம். இந்தப் பதிவால் வம்சமும் மாறாது; வாரிசுரிமையும் வராது. ஆகவே வளர்த்த பிள்ளைக்கு ஏதேனும் விட்டுச் செல்ல விரும்பினால் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுங்கள்; அல்லது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத்து எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டவர்களின் பிள்ளைகள் மறுபடியும் எத்தீமாகிறார்கள்.

சகோதரர்களே! வளர்ப்பவர்களுக்குத் துணை நிற்பதும் ஸுன்னத்தே. முஃதா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கே போனார்கள். பிள்ளைகளை அணைத்துக் கண்ணீர் வடித்தார்கள். துயரில் மூழ்கிய அக்குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்பும்படி ஏவினார்கள். பிள்ளைகளை வரவழைக்கவில்லை, தாமே சென்றார்கள்! இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களின் மனைவியார் ஸைனபு, தம் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள எத்தீம்களுக்கும் செலவிடுவது தருமமாகுமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலி ஒன்று, தருமத்தின் கூலி ஒன்று என இரண்டு கூலி உண்டென்று நாயகம் நற்செய்தி சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. கஞ்சி காய்ச்சும் நம் நன்னிமார்களிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

ஆகவே இவ்வாண்டு நோன்புக்கு நம் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள் வைக்கின்றேன்.

முதலாவது, நோன்பு திறப்புக்குப் பிள்ளைகளை மட்டுமன்றி அவர்களை வளர்ப்போரையும், அவ்வீட்டின் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே அழைப்போம். ஒரே தட்டைச் சுற்றி அமர்வோம். படம் எடுப்பதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது, பெருநாள் உடுப்பு எடுக்கும்போது எத்தீமுக்கு மட்டும் எடுக்காதீர்கள். அவ்வீட்டு மற்றப் பிள்ளைகள் பழைய சட்டையோடு நிற்கக் கண்டால் நாளைக்கு யாருக்கு மனத்தாங்கல்? அந்த எத்தீமுக்கே.

மூன்றாவது, பெருநாள் முடிந்த பிறகுதான் நம் வேலை தொடங்க வேண்டும். பள்ளித் தவணை பிறக்கும்போது காலணியும் பேருந்துக் கட்டணமும் வேண்டும்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு வண்டி வேண்டும்; வளர்ப்பவள் களைத்த நாளில் ஒரு பொழுது பிள்ளையைப் பார்த்துக் கொள்ள நம் வீட்டுப் பெண்கள் முன்வர வேண்டும். ஒரு கடைக்கு ஒரு குடும்பம் என்று ஏற்றாலே போதும்.

நான்காவது, அரசாங்கத்தின் வளர்ப்புப் பிள்ளை உதவித் தொகைக்கும், ஏழையாயிருந்தால் சிலாங்கூர் ஜகாத் வாரியத்துக்கும் மனுச் செய்ய உதவுவோம். 555 புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பற்றை, முடிந்தவர்கள் ஒருவருக்கும் சொல்லாமல் கோடிட்டு விடுவோம்.

அண்டையிலுள்ள பிற சமயத்துப் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். சயாம் ரயில் பாதையில் நம் தோட்டங்களின் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மடிந்து, பிள்ளைகள் நாதியற்று நின்ற கதையை நம் பெரியவர்கள் சொல்லிச் சென்றார்கள். போருக்குப் பின் சுவாமி சத்யானந்தா தொடங்கிய பூச்சோங் சாலைச் சுத்த சமாஜம், இன மத பேதம் பாராமல் ஆதரவற்ற பிள்ளைகளை அணைத்தது. அந்த நன்மையை நாமும் நன்றியோடு எண்ண வேண்டும். பசித்த பிள்ளைக்கு உதவும்போது அதன் குடும்பத்தையும் சமயத்தையும் மதித்து உதவுவதே நமக்கு அழகு.

புக்கிட் பெலிம்பிங் ஆற்றோரத்தில் இரவில் பெரம்பாங் மரங்களை மின்மினிகள் மொய்த்து ஒளிர்வதைக் காணத் தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே ஊரில், அதே இரவில், ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு கிழவி ஏற்றி வைத்த விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாமா?

எத்தீமைப் பொறுப்பேற்பவரும் தாமும் சுவனத்தில் இப்படியிருப்போம் என்று, சுட்டு விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டினார்கள் எம்பெருமானார் (ஸல்) அவர்கள். அந்த இரு விரல்களுக்கிடையே உள்ள இடைவெளி எவ்வளவு சிறிது! அங்கே அந்த நன்னிமார்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நமக்கும் ஓர் இடம் கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் கணக்கைத் தூய்மையாக்குவாயாக! எங்கள் உலையை விசாலமாக்குவாயாக! பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாய் வளர்ப்போரின் கைகளுக்கு வலிமையும் மனத்துக்கு ஆறுதலும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.