கேட்டவர் கடன்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினைச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பிறர் சொல்வதைச் செவியில் வாங்கினாலும் கேட்பதுதான். வாய் திறந்து வினவினாலும் கேட்பதுதான். செவிவழி பெறும் அறிவுக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. அதன் பெயர் ‘கேள்வி’. இன்றோ அந்தச் சொல்லைக் கேட்டதும் வினா என்ற பொருளே முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்த இரண்டு பொருளும் தனித்தனியே பிரிந்து போகும் இடத்தில் ஓர் அறச்சிக்கல் பிறக்கிறது. கிறிஸ்தவ விசுவாசம், ஒழுக்கம், சமூக நீதி பற்றிய ஒலிநூல்கள் இன்று கைப்பேசியில் குவிந்து கிடக்கின்றன. காய் நறுக்கிக்கொண்டே, நடைப்பயிற்சியின்போதே, பேருந்தின் ஜன்னலோரம் சாய்ந்தபடியே ஒரு நூலைக் கேட்டு முடித்துவிடலாம். ஏழைக்கு இரங்கச் சொல்லும் நூலைக் கேட்டு மனம் கரைந்தவர் ஏதேனும் கடன்பட்டவரா? அல்லது, மனம் கரைந்ததோடு கணக்கு தீர்ந்ததா?

காதால் கேட்பது கண்ணால் படிப்பதைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். கிறிஸ்தவம் கேட்டு வளர்ந்த சமயம். விசுவாசம் கேள்வியினால் வரும் என்பதே பவுல் ரோமருக்கு எழுதியது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யும்படி அந்த நிருபத்திலேயே குறிப்பு இருக்கிறது. 1934இல் அமெரிக்காவில் பார்வையற்றோருக்காக வந்த முதல் பேசும் நூல்களில் சங்கீதங்களும் நான்கு நற்செய்திகளும் இருந்தன. எழுத்தறியாதவருக்கும், கண் மங்கிய முதியவருக்கும், நாள் முழுதும் கை ஓயாமல் உழைப்பவருக்கும் ஒலிநூல் பெரும் கொடை. அதைச் சோம்பேறியின் வழி என்பது அநீதி.

ஆகவே ஆராய வேண்டியது, கேட்டபின் என்ன ஆகிறது என்பதைத்தான். அதற்கு ஏற்ற சான்றாக ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை பிறந்ததே காதுகளுக்காக.

அமெரிக்காவின் கேன்ஸஸ் மாநிலத்தில், டொபீகா நகரின் சென்ட்ரல் காங்கிரிகேஷனல் சபைக்குப் போதகராக இருந்தவர் சார்ல்ஸ் ஷெல்டன். ஞாயிறு மாலை ஆராதனைக்கு ஆட்களை ஈர்க்க, பிரசங்கத்துக்குப் பதில் தானே எழுதிய தொடர்கதையை வாரம் ஓர் அத்தியாயமாகச் சத்தமாக வாசித்தார். 1896இல் அப்படி வாசித்த கதைதான் ‘இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்’, அதாவது ‘அவர் அடிச்சுவட்டில்’. பதிப்புரிமையில் நேர்ந்த குறையால் பல பதிப்பகங்கள் அதைத் தாராளமாக அச்சிட்டன; அது உலகெங்கும் பரவியது. இன்று பொதுவுடைமையாகிவிட்ட அந்த நூலைத் தன்னார்வலர்களின் குரலில் இலவசமாகவே கேட்கலாம். காதுக்காகப் பிறந்தது காதுக்கே திரும்பி வந்திருக்கிறது.

கதையில் ரேமண்ட் என்ற ஊரின் வசதியான சபை. கிறிஸ்துவின் அடிச்சுவடுகளைப் பின்பற்றுவது பற்றிப் போதகர் ஹென்றி மேக்ஸ்வெல் அருமையாகப் பிரசங்கிக்கிறார். பாடகியின் குரலில் சபை சொக்கிப் போகிறது. அப்போது வேலையிழந்த அச்சுத் தொழிலாளி ஒருவர் எழுந்து முன்னே வருகிறார். அச்செழுத்துக் கோக்கும் லினோடைப் எந்திரம் அவர் பிழைப்பைப் பறித்துவிட்டது. மனைவி நெருக்கடியான குடியிருப்பில் மாண்டுவிட்டாள். பின்பற்றுவோம் என்று பாடுகிறீர்களே, அதற்கு உங்கள் அகராதியில் என்ன பொருள் என்று அமைதியாகக் கேட்டுவிட்டுச் சுருண்டு விழுகிறார். சில நாளில் இறந்தும் போகிறார். ஓராண்டு காலம் எதைச் செய்யுமுன்னும் ‘இயேசு என்ன செய்வார்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள யார் முன்வருவீர்கள் என்று மேக்ஸ்வெல் சபையை அழைப்பது அதன் பிறகுதான்.

அந்தச் சபையின் குறை கேளாமை அன்று. வாரந்தோறும் கேட்டார்கள், நயம் அறிந்து கேட்டார்கள். பிரசங்கத்தின் அழகையும் பாட்டின் இனிமையையும் சுவைத்ததே அறத்தைச் செய்துவிட்ட நிறைவைத் தந்தது. நல்ல ஒலிநூலிலும் இதே ஆபத்து உண்டு. தேர்ந்த குரல் துயரத்தையும் இனிதாக்கும். கண்ணீர் வந்ததும், கேட்டவருக்குத் தான் நல்லவர் என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும். வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனை, கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போனதும் தன் சாயலை மறந்தவனுக்கு யாக்கோபின் நிருபம் ஒப்பிடுவதும் இதைக் குறித்தே.

இதற்கு நேர்மையான மறுப்பும் உண்டு. கேட்பதையெல்லாம் கடனாக்கினால், ஆறுதல் தேடி வருபவன் எங்கே போவான்? நோயில் கிடப்பவரும் துக்கத்தில் இருப்பவரும் நூலுக்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. சபையில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் ஐயத்தோடு இருப்பவருக்குத் தனியே கேட்பதுதான் பாதுகாப்பான வழி. இந்த மறுப்பு நியாயமானது. கடன் எல்லோருக்கும் ஒரே அளவில்லை. செயல்பட முடிந்தவருக்கே அது முழு அளவில் உண்டு.

அந்த அளவு எத்தகையது என்பதை ஷெல்டனின் வாழ்வே காட்டுகிறது. கதை எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் பழைய உடை உடுத்து, வேலை தேடுபவராக டொபீகாவின் தெருக்களில் அலைந்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த டென்னஸிடவுன் பகுதியில் சில வாரம் தங்கினார். 1893இல் அங்கே ஒரு மழலையர் பள்ளி உருவாகக் காரணமானார். கதை வந்த பிறகு, 1900 மார்ச்சில், இயேசு நடத்துவதுபோல் நடத்திக் காட்டும்படி ‘டொபீகா டெய்லி கேப்பிட்டல்’ நாளிதழை ஒரு வாரம் அவரிடம் ஒப்படைத்தார்கள். விற்பனை 3,50,000 பிரதிகளைத் தாண்டியது. வாங்கியவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் முதல் நாள் முதல் பக்கத்தில் அவர் வைத்தது, அப்போது இந்தியாவை வாட்டிய பஞ்சத்தின் செய்தி. அதைப் படித்தவர்களிடமிருந்து நிவாரணத்துக்குப் பணமும் தானியமும் சேர்ந்தன. ஒரு வாரத்தோடு அந்தச் சோதனை முடிந்தது. இருந்தும் செய்தியாக வந்த பசி சிலரிடமாவது ஒரு மூட்டைத் தானியமாயிற்று.

டொபீகா சபையில் ஷெல்டனின் கதையைக் கேட்டவர்களுக்கு ஒரு துணையும் இருந்தது. பக்கத்தில் அமர்ந்தவரும் அதே அத்தியாயத்தைக் கேட்டார். மறுநாள் கடைத்தெருவில் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். இயர்போனில் கேட்பவருக்கு அந்தச் சாட்சி இல்லை. அவர் தனக்குத் தானே சாட்சி ஆக வேண்டியிருக்கிறது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குமுன் நிறுத்தி, ‘இதைக் கேட்டபோது யார் முகம் நினைவுக்கு வந்தது?’ என்று கேட்டுக்கொள்வது முதல் தவணை. அந்த முகத்தைத் தேடிப் போவது அடுத்தது. அதே நூலை வீட்டில் இன்னொருவரோடு சேர்ந்து கேட்டால் இரண்டும் எளிதாகும்.

ஷெல்டனின் கதையில் எளிதில் மறந்துபோகும் ஒரு காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. அந்தத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை திடீரென்று முளைத்தவர் அல்லர். வெள்ளிக்கிழமையே மேக்ஸ்வெல் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். மேக்ஸ்வெல் மாடியில் ஞாயிறு பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்; இறங்கி வந்து, தன்னால் உதவ இயலாது என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, அடிச்சுவடுகளைப் பற்றி எழுதத் திரும்பினார். நல்ல நூல் காதில் ஒலிக்கும் நேரத்திலும் யாரோ ஒருவர் வாசலில் நிற்கக்கூடும். அந்த மணியும் காதில் விழும்படி கேட்பதே கேட்டவர் கடன்.