கயிற்றைத் தளர்த்தும் கை

1907 ஜனவரியில், ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். அவர் வகுத்த முறையில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கண்ணாடித் தம்ளரைக் கொடுப்பார்கள். பீங்கான் தட்டை ஏந்திச் செல்லவும் விடுவார்கள். உடையாத தட்டு எத்தனை முறை விழுந்தாலும் கைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. உடையக்கூடியதை ஏந்தும்போது கால் தானாக நிதானம் கொள்கிறது.

அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் வாழ்ந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அந்தப் பாடம் நடந்த ஊரில்தான் பத்து வயதுப் பிள்ளைக்கும் சோறு ஊட்டுகிறோம். பள்ளிப் பையை நாம் சுமக்கிறோம். "என்ன படிக்கிறே?" என்று பிள்ளையைக் கேட்டால் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம். தெருமுனைக் கடைக்குத் தனியே அனுப்ப மனம் வருவதில்லை.

இந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன. பக்கத்து வீட்டாரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் "வேண்டாம், நான் செய்கிறேன்" என்று நாம் அன்போடு சொல்வது, பிள்ளையின் காதில் "உன்னால் முடியாது" என்றே விழுகிறது. நாளெல்லாம் அதைக் கேட்டு வளரும் பிள்ளை ஒருநாள் அதை நம்பத் தொடங்கிவிடுகிறது.

கிணற்றில் நீச்சல் பழக்கியவர்களுக்கு இந்தப் பயத்தைக் கையாளும் வழி தெரிந்திருந்தது. தண்ணீர் ஆபத்து என்று அவர்களும் அறிவார்கள். அதனால்தான் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, நீரில் இறக்கினார்கள். கைகால் பழகப் பழகக் கயிறு தளர்ந்தது. பிறகு குடுக்கையும் அவிழ்ந்தது. மேலே நின்றவரின் கண் மட்டும் விலகவில்லை.

கடைக்கு அனுப்புவதையும் அப்படியே பழக்கலாம். முதலில் கூடவே நடந்து, சாலையைக் கடக்கும் விதத்தைக் காட்டலாம். அடுத்து, பிள்ளை முன்னே செல்ல நாம் பின்னே போகலாம். பிறகு வாசலில் நிற்கலாம். மீதிச் சில்லறையில் ஐந்து ரூபாய் குறைந்திருந்தால், நாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. "நீயே போய்க் கேட்டு வாங்கி வா" என்றால் போதும். அதுவரை வீட்டில் பொறுத்திருப்பது பெற்றோர் பழக வேண்டிய நீச்சல்.

'திறமை வரட்டும், பிறகு நம்பலாம்' என்று காத்திருக்கிறோம். நடப்பதோ வேறு வரிசையில். யாரோ ஒருவர் முதலில் நம்பினார் என்பதால்தான் திறமை வருகிறது. நாம் எப்போதும் உடனிருக்கப்போவதில்லை. பிள்ளையோடு கடைசிவரை இருக்கப்போவது அதன் சொந்தத் தீர்மானம் ஒன்றுதான். நாம் அருகில் இருக்கும்போதே அதைப் பழகக் கொடுப்பதுதான், பெற்றவர்கள் தரக்கூடிய நிலையான காவல்.