கேளாதவரின் உரிமை

ஒருவரிடம் நாம் நூறு ரூபாய் கடன் வாங்கியிருக்கிறோம். தவணை நாளும் வந்துவிட்டது. அவரோ வெட்கத்தினாலோ மறதியினாலோ வந்து கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் நம் கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அவராக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி, அவருடைய மௌனம் நம்மை விடுவிக்காது. அவர் வீட்டைத் தேடிச் சென்று கொடுப்பதுதான் ஈமானுள்ளவனுக்கு அழகு.

ஆனால் ஏழையின் உரிமை என்று வரும்போது மட்டும் நம்முடைய நியாயம் மாறிவிடுகிறது. "வேண்டுமென்றால் வந்து கேட்கட்டுமே! கேட்டால் கொடுக்க மாட்டோமா?" என்கிறோம். கேட்காதவனுக்குத் தேவையில்லை என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். அதற்கு உதாரணமாக, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் உணவு விஷயமாக நடந்துவரும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். தேசம் வேறு, ஜனங்கள் வேறு. ஆயினும் கேள்வி எல்லோருக்கும் பொதுவானதே.

அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தினால் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம் நிலைபெற்றது. இன்று அதன் விதி இதுதான்: சர்க்கார் வகுத்த வறுமைக் கோட்டு வருமானத்தில் 130 சதவீதத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைக்கு உணவு இலவசம். 130-க்கு மேல் 185 சதவீதம் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குச் சலுகை விலை. மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த உரிமை கைக்கு வர, பெற்றோர் ஆண்டுதோறும் விண்ணப்பத் தாளை நிரப்பிப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

அந்தத் தாளை நிரப்பாதவர் பலர். சோம்பேறிகள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒருவர் இரவு வேலை முடிந்து, பிள்ளை பள்ளிக்குச் சென்ற பிறகே வீடு திரும்புபவர். வேறொருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். தாளில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்பதைக் கண்டதும், இது எந்த அதிகாரியின் கைக்குப் போகுமோ என்று அஞ்சுகிறார். எண் இல்லாதவர் 'இல்லை' என்று குறித்தால் போதும் என்பது அவருக்குத் தெரியாது. இன்னொருவருக்கோ வெட்கம். "என் பிள்ளைக்குச் சோறு போட எனக்கு வக்கில்லை" என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுவதாக அவர் மனம் கூசுகிறது.

தாள் வராத பிள்ளையின் கதி என்ன? பல பள்ளிகளில் அதன் பெயரில் பாக்கி ஏறிற்று. பாக்கி ஏறிய பிள்ளையிடமிருந்து சூடான உணவுத் தட்டை வாங்கிக்கொண்டு, ஆறிப்போன ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பிய பள்ளிகளும் உண்டு. சக மாணவர் பார்க்க நடந்த இந்த அவமானத்தைத் தடுக்க நியூ மெக்ஸிகோ மாநிலம் 2017-ல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தாளை நிரப்பாதது தகப்பன். பசித்ததும் தலைகுனிந்ததும் பிள்ளை! ஒருவர் செய்த குறைக்கு வேறொருவர் தண்டனை பெறுவது எந்த நீதியில் சேரும்?

இதற்கு அந்நாட்டார் கண்ட பரிகாரம் எளிமையானது. ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வாங்க உதவும் 'ஸ்நாப்' என்றொரு திட்டம் அங்கே உண்டு. அதில் சேர்ந்த குடும்பத்தின் வருமானத்தைச் சர்க்கார் முன்பே விசாரித்து அறிந்திருக்கிறது. அப்படியிருக்க, அதே குடும்பத்தை மறுபடியும் "நீ ஏழைதானா?" என்று கேட்பானேன்? உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலையும் பள்ளி மாணவர் பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்திய பிள்ளைகளை விண்ணப்பமின்றியே இலவச உணவில் சேர்த்துவிடும் இந்த முறையை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2008-09 கல்வியாண்டுக்குள் எல்லாப் பள்ளி நிர்வாகங்களும் இதற்குள் வந்தாக வேண்டும் என்று தவணை வைத்தது. பின்னர் பல மாநிலங்களில் 'மெடிக்கெய்ட்' என்னும் மருத்துவ உதவியின் பட்டியலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் பெயர் பொருந்தினால் அவ்வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. பெற்றோருக்குக் கடிதம் வரும். வேண்டாம் என்பவர் மறுத்து எழுதிவிடலாம்.

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

கேளாதவனுக்குக் கொடுப்பது அவனுடைய தன்மானத்தைக் குறைப்பதாகும் என்பார் சிலர். உண்மையில் தன்மானத்தைக் குறைப்பது எது? கொடுப்பதா, கேட்க வைப்பதா? இரந்து திரியாமல், தம் இல்லாமையைப் பிறர் அறியாதபடி மறைத்து வாழ்பவரே உண்மையான மிஸ்கீன் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள். செல்வரின் பொருளில் கேட்பவருக்கு மட்டுமின்றி 'மஹ்ரூம்' என்பவருக்கும் பங்குண்டு என்று திருக்குர்ஆன் அறிவிக்கிறது. கேளாமல் இருப்பதனாலேயே கிடைக்காமல் போனவர் என்று அதற்கு விளக்கம் கூறிய முஃபஸ்ஸிர்கள் உண்டு. மேலும், நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த பொருளை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், தம்மைவிட ஏழைக்குக் கொடுக்கலாமே என்று தயங்கியபோது, கேளாமலும் ஆசை வைக்காமலும் வருவதை ஏற்றுக்கொள்ளுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக ஹதீஸில் காண்கிறோம். ஆகவே கேளாமல் வருவதைப் பெறுவதில் இழிவில்லை.

பிள்ளைக்கு உணவளிப்பது தகப்பனின் கடமையல்லவா, அதைச் சர்க்கார் பறித்துக்கொண்டால் அவனுக்குப் பொறுப்பு எப்படி வரும் என்பது இரண்டாவது ஆட்சேபம். கடமை தகப்பனுடையதே, மறுக்கவில்லை. ஆனால் சக்தியற்ற தகப்பனின் பிள்ளை யாருடைய பொறுப்பு? பைத்துல்மாலின் பொறுப்பு என்றே நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். தகப்பனுக்குச் சக்தியில்லை என்பதோ முன்பே விசாரித்து முடிந்த விஷயம். தாளை நிரப்பச் சொல்வதால் அவனுக்கு வருமானம் கூடிவிடப் போவதில்லை.

தகுதியற்றவர் நுழைந்துவிடுவார்களே என்பது மூன்றாவது. அவரவரே தம் வருமானத்தை எழுதித் தரும் தாளைவிட, விசாரித்துத் தயாரித்த பட்டியல் நம்பத் தகுந்தது. அதிலும் தவறு நேரலாம். ஆனால் இருவகைத் தவறுகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். தகுதியற்ற பிள்ளை உண்டுவிட்டால் நஷ்டம் ஒரு வேளைச் சோறு. தகுதியுள்ள பிள்ளை விடுபட்டால் நஷ்டம் ஒரு பிள்ளையின் பசி. இரண்டும் சமமாகுமா?

நான்காவது ஆட்சேபம் மற்றவற்றைப் போன்றதல்ல. நாமும் அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு காரியத்துக்காக ஒருவர் நம்பிக் கொடுத்த விவரத்தை, அவரைக் கேளாமலே இன்னொரு காரியத்துக்கு எடுத்தாளலாமா? அது அமானிதம் அல்லவா? ஆம், அமானிதமே. இன்று சோற்றுக்காகப் பட்டியலை ஒப்பிடுபவர் நாளை வேறெதற்கோ ஒப்பிட்டால் என்ன செய்வது? அந்த அச்சம் நியாயமானதே.

ஆயினும் அமானிதத்திலும் ஒரு பேதம் உண்டு. அமானிதப் பொருளை உடையவரின் நன்மைக்காகவே, அவர் சம்மதிப்பார் என்று நன்கு தெரிந்த காரியத்தில் பயன்படுத்துவது ஒன்று. அவருக்குக் கேடாகத் திருப்புவது வேறொன்று. முன்னதற்கும் நிபந்தனைகள் வேண்டும். அவருக்கு அறிவித்தாக வேண்டும். மறுக்க வழியிருக்க வேண்டும். சோறு தவிர வேறெதற்கும் அந்த விவரம் போகக் கூடாது. இலவசமாக உண்பது எந்தப் பிள்ளை என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. இந்நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் நம்முடைய சம்மதம் இல்லை என்றே சொல்வோம்.

இவ்விடத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்துச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வியாபாரக் கூட்டமொன்று மதீனாவில் வந்து தங்கியது. இரவில் அவர்களுக்குக் காவலாக நின்ற கலீஃபா அவர்கள், ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் சென்று, குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்றார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண், பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால்தான் இதற்குப் பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்றாள். அன்று சுப்ஹுத் தொழுகையில் கலீஃபா அவர்களின் அழுகையினால் கிராஅத்தே மக்களுக்கு விளங்கவில்லை என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று முழங்கச் செய்தார்கள்.

இதில் நாம் காணவேண்டியது என்ன? விதியை வகுத்தவரின் எண்ணம் நல்லதே. ஆனால் விதியின் வாசல் குறுகலாக இருந்தது. அந்தக் குறுகல் ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. கலீஃபா அவர்கள் அந்தத் தாயைக் கண்டிக்கவில்லை, வாசலைத்தான் அகலமாக்கினார்கள்.

பட்டியல் முறைக்கும் குறுகல் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாதவரைப் பட்டியல் காணாது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் வந்த சட்டம், அகதிகளாக வந்தோர் பலரை 'ஸ்நாப்' உதவிக்குத் தகுதியற்றவராக்கியது. வேறு எந்தப் பட்டியலிலும் இல்லாத குடும்பமானால், அவர்களுடைய பிள்ளைகள் தாமாகவே உணவில் சேரும் வாசல் அடைபட்டுப்போகும். வருமானம் குறைவாயிருந்தால் உணவு பெறும் உரிமை மட்டும் போகவில்லை. ஆனால் மறுபடியும் தாள், மறுபடியும் பயம்! பட்டியல் நமக்கு ஊழியம் செய்ய வேண்டியது. அது எஜமானாகிவிடக் கூடாது. விடுபட்டவரைத் தேடிச் செல்லும் மனிதர் அதன் கூடவே இருக்கவேண்டும்.

அப்படியானால் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று பாராமல் எல்லோருக்கும் போட்டுவிட்டால் என்ன? அந்த வழியிலும் அங்கே சென்றிருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியல் மூலம் தெரிந்த ஏழை மாணவர் 40 சதவீதம் உள்ள பள்ளிகள் எல்லா மாணவருக்கும் விண்ணப்பமின்றி உணவளிக்க வழிசெய்தது. 2023-ல் அந்த அளவு 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கலிஃபோர்னியா, மெய்ன் மாநிலங்கள் 2022-23 கல்வியாண்டு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கின. செல்வந்தர் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டால், ஒரு பேதத்தைச் சொல்வோம். ஜகாத் பொருளைச் செல்வந்தருக்குக் கொடுத்தால் அது நிறைவேறாது, அதற்குரியவர்கள் வரையறுக்கப்பட்டவர்கள். பொதுக் கருவூலத்துப் பணம் அப்படியல்ல. ஊர்க் கிணற்றில் யாரும் நீர் மொள்ளலாம். நாமும் சிறு வயதில் சத்துணவு உண்டவர்கள்தாம். தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்தோம். உன் தகப்பனுக்கு என்ன வருமானம் என்று சோறு போட்ட அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெயரைச் சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. முஸ்லிம் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டு, அவன் உண்ணக் கூடாத இறைச்சியைத் தட்டில் வைத்தால் கணக்கில் அவன் உண்டவன், வயிற்றில் பசித்தவன். யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பதே கொடையாகும்.

இவ்வளவும் எழுதியபின் நம்முடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்வது நேர்மை. நாம் பொறுப்பு வகித்த ஒரு மஹல்லாவின் பைத்துல்மாலில், ஒழுங்கு வேண்டும் என்று கருதி ஒரு ரமளானில் விண்ணப்பத் தாள் அச்சிட்டோம். பள்ளிவாசல் திண்ணையில் வந்து பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கணக்குச் சரியாக இருந்தது. பெருநாள் கழிந்தபின் ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத்! அந்தக் கடைசி வீட்டு விதவைக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டார். சேரவில்லை. அந்தம்மா திண்ணைக்கு வரவில்லை, நாமும் தேடவில்லை. அவர்களுடைய நிலை நமக்குத் தெரியாததா? முன் இரண்டு வருஷப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர் இருந்தது! புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்த ரமளான் முதல் தாளை ஒழித்துவிடவில்லை. புதியவருக்கு அது வேண்டும். ஆனால் முன் பதிவேட்டில் உள்ளவர் வீட்டுக்கு, அவர் வரும் முன்பே, இருட்டிய பிறகு ஒருவர் சென்று வருவது என்று வைத்துக்கொண்டோம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களிடம் ஸலாம் சொல்லித் திரும்பினோம்.

கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைத் தேடிச் செல்லவேண்டும் என்று துவக்கத்தில் சொன்னோம். ஏழையின் பங்கு நம் கையில் இருக்கும் வரை நாமே கடனாளிகள். கேட்டால்தான் கொடுப்போம் என்று சொல்லும் உரிமை கடனாளிக்கு இல்லை.

கேளாதவரின் தேவையை அறியும் கண்களையும், அவர் முகம் வாடாமல் கொடுக்கும் கரங்களையும் அல்லாஹுத்தஆலா நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.