காட்சியும் ஆப்த வாக்கியமும்

ஒன்றை உண்மையென்று கொள்வதற்குப் பிரமாணங்கள் எத்தனை என்ற வினாவில் நம் தர்க்க சாஸ்திரிகள் ஒருநாளும் ஒருமைப்பட்டதில்லை. சார்வாகன் காட்சி ஒன்றே போதும் என்றான், நையாயிகர் நான்கு என்றனர், சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் யாவற்றையும் அடக்கினர். ஒரே வியாதியுற்ற, அல்லது ஒரே சிகிச்சை பெற்ற சில நோயாளிகளின் வரலாறுகளை, ஒப்பிட வேறொரு கூட்டமின்றித் தொகுத்துரைக்கும் 'நோயாளர் தொடர்' ஆராய்ச்சிகளை எங்ஙனம் மதிப்பது என்ற விவாதத்தில், அந்தப் பழைய வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

நெருப்புள்ள இடமெல்லாம் புகையிராது, ஈரவிறகு என்னும் உபாதி, அதாவது துணை நிபந்தனை, சேர்ந்தால்தான் புகை எழும் என்பது நியாய நூலாரின் நுட்பம். சிகிச்சைக்கும் சுகத்துக்கும் இடையிலும் இப்படியோர் உபாதி மறைந்திருக்கக் கூடும். 1950-களில், இருதய நோயால் மார்வலியுற்றோருக்கு மார்பின் உட்புறத்து ரத்தக்குழாயைக் கட்டிவிடும் சஸ்திர சிகிச்சை அமெரிக்காவில் பிரசித்தி பெற்றது, வலி தணிந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தன, அவை பொய்யுமல்ல. ஆனால் 1959-இல் லியோனார்டு காப் என்பவரும் சகாக்களும், 17 பேரில் சிலருக்குக் குழாயைக் கட்டியும் மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறி மூடியும், எது செய்யப்பட்டது என்பதை நோயாளிக்கு அறிவியாமல் கவனித்தபோது, வெறுங்கீறலும் அதே சுகத்தைத் தந்தது. கண்டது மெய், கண்டதிலிருந்து கருதியதே பிழை.

எனவே நோயாளர் தொடர்களைத் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் தகாது. 1981 ஜூன் 5-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு அபூர்வமான நுரையீரல் நோய் கண்டதென்று வெளிவந்த சிற்றறிக்கையே, பின்னர் எய்ட்ஸ் என்று உலகம் அறிந்த நோயின் முதல் மருத்துவச் செய்தி. கண்டதைக் கண்டவாறே சொல்லி, காரணத்தை ஐயத்தோடு மட்டுமே குறித்தது அதன் சிறப்பு.

என் அபிப்பிராயம் இது: எழுதிய வைத்தியருக்குப் பிரத்தியட்சமாக, அதாவது காட்சியாக, இருப்பது வாசிப்பவருக்குச் சப்தப் பிரமாணமே, அதாவது உரையே, ஆகவே அவர் ஆப்தரா என்பதே முதற் கேள்வி. ஆப்தர் என்பவர் உள்ளதை உணர்ந்து, உணர்ந்தபடியே உரைப்பவர். யாரைச் சேர்ப்பது என்ற விதியை முன்கூட்டியே வகுத்தாரா, வந்தவர் அனைவரையும் வரிசை தவறாமல் சேர்த்தாரா, இடையில் வராமற்போனவர்களைக் கணக்கில் காட்டினாரா என்று இன்றைய மதிப்பீட்டு வினாநிரல்கள் கேட்பதெல்லாம் இதைத்தான். அவற்றுள் இரண்டாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குணமானவரை மட்டும் பொறுக்கியெடுத்த தொடரில் ஒவ்வொரு வரியும் சத்தியமாயிருந்தும் முழுமை அசத்தியமாகிவிடும்.

தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் 'லான்செட்' சஞ்சிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய கட்டுரையில் 12 குழந்தைகள் இருந்தனர். அவர்கள் வரிசையாக அனுப்பப்பட்டு வந்தவர்கள் என்று எழுதப்பட்டிருந்தது பொய்யென்று பின்னர் நிரூபணமாயிற்று. 2010-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பிரிட்டனில் தடுப்பூசி போடுவது குறைந்து, தட்டம்மை மீண்டும் பரவியிருந்தது.